குழம்பு, கொழும்பு, தனிநாயகம் அடிகள்

மார்த்தினிக் என்று ஒரு தீவு. கரீபியன் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே, உலக வரைபடத்தில் தேடினால் எறும்பு சைஸில் இருக்கும். இன்றைக்கும் பிரான்ஸின் ஒரு பகுதி. அங்கே ஓட்டலில் போய் உட்கார்ந்தால் மெனுவில் 'கொலோம்போ' என்று ஒரு அயிட்டம் இருக்கும். ஆட்டுக்கறி கொலோம்போ, கோழி கொலோம்போ. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு எல்லாம் அரைத்துப் போட்டுக் கொதிக்க வைப்பது. அதற்கான பொடிக்கும் அதே பேர்தான். இலங்கைத் தலைநகரின் பெயர் அது என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மல்லியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்தால் நம்ம வீட்டில் அதற்கு என்ன பேர்? குழம்பு. அவ்வளவுதான் மேட்டர் :-)

குழம்பு எப்படி அட்லாண்டிக் தாண்டிப் போச்சு? பாண்டிச்சேரியிலிருந்து கப்பல் ஏறிப் போச்சு. 1848ல் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் போனது. 1853ல் 'ஒரேலி' என்கிற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு பாண்டியிலிருந்து கிளம்பி, மே 6ம் தேதி மார்த்தினிக்கின் சான் பியேர் துறைமுகத்தில் இறக்கியது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. மார்த்தினிக்குக்கு இருபத்தைந்தாயிரம் பேர், பக்கத்துத் தீவான குவாதலூப்புக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல். ஆரம்பத்தில் பாண்டி, காரைக்காலிலிருந்து. 1861ல் பிரிட்டிஷ்காரர்களோடு ஒப்பந்தம் ஆனபிறகு கல்கத்தாவிலிருந்தும்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது. ஆனால் சாமி போகவில்லை. மார்த்தினிக்கில் 'மால்தேவிதான்' என்று ஒரு குதிரைச் சாமி உண்டு. அது நம்ம மதுரைவீரன் என்று சொல்கிறார்கள். 'மரியேமென்' யார் என்று நான் சொல்லவே வேண்டாம். பூசாரி சாமி வரும்போது பாடுவதும் பேசுவதும் தமிழ்தான், பாடுகிறவருக்கே பல வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாது. குவாதலூப்பில் ராத்திரி முழுக்க ஆடும் ஒரு கூத்துக்கு 'நத்ரோன்' என்று பேர். நாடகம்!

இதையெல்லாம் இன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் தேடிப் படித்துவிடலாம். 1950 வாக்கில் இந்தத் தீவுகளில் தமிழர் இருக்கிறார்கள் என்பதே இங்கே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அப்போது வெள்ளை அங்கி போட்ட ஒரு யாழ்ப்பாணத்துப் பாதிரியார் உலகம் சுற்றக் கிளம்பி, போகிற இடத்தில் எல்லாம் தமிழ் சுவடு இருக்கிறதா என்று தேடினார். சேவியர் தனிநாயகம் அடிகள். நம் ஆட்களுக்கு அவரைத் தெரிந்த அளவு, 'உலகத் தமிழ் மாநாட்டைத் தொடங்கியவர்' என்கிற ஒரே வரிதான். எனக்கு அவர் முக்கியமாகப் படுவது வேறு காரணத்துக்காக. கடல் கடந்த தமிழரை ஒரு ஆராய்ச்சிப் பொருளாக, ஏட்டிலும் நேரிலும் சேர்த்துத் தேடிய முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். 1913 ஆகஸ்ட் 2ல் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஊர்காவற்றுறைத் தீவின் கரம்பொன்னில் பிறந்தார். யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ் கல்லூரி, கொழும்பில் குருமடம், பிறகு ரோமாபுரி. 1938ல் குருப்பட்டம். ரோமில் படிக்கும்போதே நாலு தமிழ் மாணவர்களைச் சேர்த்து வீரமாமுனிவர் கழகம் நடத்தியிருக்கிறார். லத்தீன், இத்தாலியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீசியம் என்று மொழி மொழியாகக் கற்றுக்கொண்டவருக்கு அப்போது குறைச்சலாக வந்த மொழி எது தெரியுமா? தமிழ்! தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்து, 1940ல் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தபோதுதான் அங்கே இருந்த ஒரு பண்டிதரிடம் முறையாகத் தமிழ் இலக்கணம் இலக்கியம் படிக்க ஆரம்பித்தார். வயது இருபத்தேழு. என் வயசு. நமக்கெல்லாம் இந்த வயசில் புதுசா ஒரு ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் கத்துக்கவே கொட்டாவி வருது.

அப்புறம் 1945ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழ் எம்.ஏ. அதைத் தொடர்ந்து சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வு. இந்த ஆய்வுதான் பின்னால் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்து, திணை என்றால் என்ன என்று வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொன்னது.

1949ல் கிளம்பினார் பாருங்க ஒரு பயணம். மலேயா, ஜப்பான், அமெரிக்கா, தென் அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், ஐரோப்பா. போன இடத்தில் எல்லாம் தமிழ் பற்றிச் சொற்பொழிவு. அந்தச் சுற்றில்தான் மார்த்தினிக்கும். பின்னாளில் மார்த்தினிக்குக்குப் போன தமிழர்களைப் பற்றித் தனியாகவே ஆய்வுக்கட்டுரை எழுதினார். திரும்பி வந்ததும் 1952ல் 'தமிழ்த்தூது' என்று ஒரு கட்டுரைத் தொகுப்பு. அதே வருஷம் 'தமிழ் கல்ச்சர்' என்கிற ஆங்கில காலாண்டு இதழ். ஏன் ஆங்கிலத்தில் என்று கேட்கலாம். தமிழ் பெரிசு என்று தமிழில் எழுதினால் தமிழன்தானே படிப்பான்? அன்றைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பழைய இந்தியா என்றாலே சமஸ்கிருதம்தான். அந்தப் பேராசிரியர்கள் மேசையில் போய் விழுகிற மாதிரி ஒரு பத்திரிகை வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கமில் சுவெலபில் மாதிரி ஆட்கள் அதில் எழுதினார்கள். பதினாலு பதினஞ்சு வருஷம் ஓடியது.

அவர் தேடிக் கண்டுபிடித்த பழைய புத்தகங்களைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1554ல் லிஸ்பன் நகரத்தில் ஒரு சின்ன ஜெபப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. 'கார்த்தில்யா' என்று பேர். தமிழ்தான், ஆனால் ரோமன் எழுத்தில். (அப்பவே தங்கிலீஷ்!) அடிகளார் 1950களில் லிஸ்பனில் அதைப் பார்த்து, தமிழ் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். புத்தகம் பழசு என்பதை விட என்னை இழுத்தது அதைத் தயாரித்த மூன்று பேர். விசென்ட் டி நாசரேத், ஜார்ஜ் கார்வால்யோ, தோமே டா குரூஸ். பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், மூவரும் லிஸ்பனில் வாழ்ந்த தமிழர்கள். சிப்பாய்க் கலகத்துக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னால், ஐரோப்பாவில் உட்கார்ந்து தமிழை எழுத ஒரு வழி தேடிய மூணு பேர். அதே மாதிரி வத்திக்கான் நூலகத்தில் இருந்த, 1679ல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் - போர்ச்சுகீசிய அகராதி. அந்தாவோ தெ ப்ரோயென்சா பாதிரியார் செய்தது. பதினாறாயிரத்துக்கு மேல் சொற்கள். அடிகளார் அதை அப்படியே படியெடுத்து 1966ல் கோலாலம்பூரில் பதிப்பித்தார். பேக்கப் எடுத்துக் கொடுத்த புண்ணியவான்.

சரி, இப்போ என் பிரச்சினைக்கு வருகிறேன்.

கடல் கடந்த தமிழர் என்றவுடன் நம் பதிவர்கள் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ராஜேந்திர சோழன். கடாரம் கொண்டான். தாய்லாந்து அரண்மனையில் திருவெம்பாவை. தாய்லாந்தில் பிராமணர்கள் பாடுகிற பாட்டில் திருவெம்பாவை ஒளிந்திருப்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அடிகளாரும் ஒருவர், அதை நான் மறுக்கவில்லை. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பல்லவ நந்திவர்மனின் பட்டப்பெயரான அவனிநாரணன் பெயரில் வெட்டிய குளத்தைச் சொல்கிறது. எங்க ஊர் புதுப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் மாமல்லபுரம். பல்லவர் கப்பல் என்றால் எனக்கும் புல்லரிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த மாமல்லபுரத்துக்கும் எங்க ஊருக்கும் நடுவில் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு சட்ராஸ். டச்சுக்கோட்டையின் செங்கல் சுவர்கள், உள்ளே செதுக்கு வேலை செய்த கல்லறைகள். லீவு நாளில் ஜோடிகள் போட்டோ எடுக்கும் இடம். டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் துணி வாங்கினார்கள் என்று போர்டு போட்டுச் சொல்வோம். அதே டச்சுக் கம்பெனி 17ம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆட்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி படேவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலில் ஏற்றியதைச் சொல்வதில்லை. இந்தக் கரையிலிருந்து போனவர்களில் அரசனோடு போனவர்களை விட, பசியோடு போனவர்கள்தான் அதிகம்.

எங்க ஆயா யாராவது காணாமல் போனால் 'தீவாந்தரம் போயிட்டான்' என்று சொல்வார். சின்ன வயசில் அது ஏதோ ஒரு ஊர் பேர் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அகராதியில் அர்த்தம் வேறு தீவு, தூர தேசம். ஒரு மாவட்டத்தின் பேச்சில் அந்த வார்த்தை திட்டாகவும் புலம்பலாகவும் நின்றுபோவதற்கு எத்தனை பேர் போயிருக்க வேண்டும்!

போனவர்கள் கணக்கு ஓரளவு இருக்கிறது. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பி நவம்பர் 16ல் டர்பன் போய்ச் சேர்ந்தது, 342 பேரோடு. 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்து ஆட்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் தழும்பு எங்கே. ஜில்லா என்ற கட்டத்தில் 'சிங்கிள்புட்' என்று வரிசையாக வருவதைப் பார்த்தால் வயிற்றில் என்னவோ பண்ணும். அது செங்கல்பட்டுதான். எங்க ப்ராஜெக்ட்டில் டர்பனிலிருந்து ஒருத்தர் இருந்தார். குடும்பப் பேர் மூட்லி. 'முதலி'ங்க அது, என்றேன். படையாச்சி, கோவிந்தர், நாயுடு, பிள்ளை எல்லாம் அங்கே இப்படித்தான் ஆங்கில ஸ்பெல்லிங்கில் குடும்பப் பெயராகிவிட்டன. தன் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் நம்பரை செல்போனில் வைத்திருந்தார். கிராமத்தின் பேரை அந்தக் கால வெள்ளைக்கார கிளார்க் காதில் விழுந்த மாதிரி எழுதியதால் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நாலு நாள் நானும் முயற்சி பண்ணினேன். அந்த ஸ்பெல்லிங்கில் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏழு ஊர் பொருந்துகிறது.

ஏன் போனார்கள்? இதற்கு பதில் செங்கல்பட்டுக் கலெக்டர் ஆபீஸிலேயே இருக்கிறது. 1891ல் இங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். நிலம் கிடையாது, குடியிருக்கிற மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம், கடனுக்காகப் பரம்பரையாக உழைப்பு. பேருக்குத்தான் அடிமை முறை ஒழிந்தது. அந்த அறிக்கையின் விளைவாகத்தான் 1892ல் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். அந்த நிலம் பிறகு எப்படிக் கை மாறியது, அதை மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10ல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தது எல்லாம் தனிப்பதிவுக்கான விஷயம். இங்கே நான் சொல்ல வந்தது, கப்பல் ஏறியவனுக்குக் கரையில் விட்டுப்போக ஒரு காணி நிலம் கூட இல்லை என்பதை.

தனிநாயகம் அடிகள் இந்த இரண்டு கதைகளில் எந்தப் பக்கம்? இரண்டு பக்கமும் என்பதுதான் நேர்மையான பதில். தென்கிழக்கு ஆசியாவில் பழைய தமிழ்ப் பண்பாடு என்று பெருமையாகவும் எழுதினார். மொரிஷியஸ், ரியூனியன், பிஜி, மார்த்தினிக் என்று கூலிகளாகப் போனவர்களின் தேசங்களையும் விடவில்லை. 1966ல் வந்த அவருடைய பயணநூலுக்கு 'ஒன்றே உலகம்' என்று பேர் வைத்தார். என் கட்சி என்னவென்றால், முதல் கதையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். மேடைக்கு அதுதானே தோதாக இருக்கிறது. மால்தேவிதானை மேடையில் சொன்னால் கைதட்டல் வராது.

1961ல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இலங்கையில் 1956ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததிலிருந்தே தமிழின் உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்தவர். பேராதனையில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தார், லண்டனில் முனைவர் பட்டமும் வாங்கினார். கோலாலம்பூரில் இந்திய ஆய்வுத் துறைக்குத் தலைவரானார். இந்தத் துறை உருவான கதை அருமையான கதை. 1950களில் அதைத் தொடங்க யோசித்தபோது, நம்ம நீலகண்ட சாஸ்திரியார் போய்ப் பார்த்துவிட்டு சமஸ்கிருதத்துக்கு முதலிடம் கொடுக்கச் சொன்னார். மலாயாவில் இருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. பத்திரிகையில் எழுதி, கூட்டம் போட்டு, தமிழ்தான் வேண்டும் என்று சண்டை பிடித்தார். அதோடு நிற்காமல் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகத்துக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் ஆளுக்கு ஒரு வெள்ளி, ரெண்டு வெள்ளி என்று கொடுத்தார்கள். (மலேயாவில் டாலருக்கு வெள்ளி என்று பேர்.) தன் பிள்ளை அந்த வாசலை மிதிப்பானா என்று தெரியாத காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்து நூலகத்துக்குத் தோட்டக் கூலி காசு கொடுக்கிறான். அந்தத் துறையில்தான் அடிகளார் வந்து உட்கார்ந்தார்.

அங்கே எட்டு வருஷம். வேலை எல்லாம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வேலை. தமிழியல் புத்தகங்களுக்கு ஒரு வழிகாட்டி தொகுத்தார் (1966). எந்தெந்த நாட்டில் யார் யார் தமிழ் ஆராய்கிறார்கள் என்று நாடு நாடாகக் கட்டுரை வாங்கி 'வெளிநாடுகளில் தமிழியல்' பற்றி ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு போட்டார் (1968). கம்ப்யூட்டர் இல்லை, மின்னஞ்சல் இல்லை, தபால்தலை ஒட்டி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்து செய்த டேட்டாபேஸ். இண்டெக்ஸ் போடுகிறவனை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்பது எங்க தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் தெரிந்த பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை அறிஞர்கள் மாநாடு நடந்தது. அங்கே வந்திருந்த தமிழ் ஆய்வாளர்களை அடிகளாரும் வ.அய். சுப்பிரமணியமும் கூட்டி, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். தலைவர் பிரான்ஸ் நாட்டு ழான் ஃபிலியோசா. செயலாளர்கள் தனிநாயகம், சுவெலபில். முதல் மாநாடு 1966ல் கோலாலம்பூர். இரண்டாவது 1968 சென்னை, அண்ணா முதல்வராக இருந்தபோது. மெரினாவில் கண்ணகி முதல் கால்டுவெல் வரை நிற்கிற சிலைகள் அந்த மாநாட்டுக்காக வைத்தவை. மூன்றாவது 1970 பாரிஸ்.

இதே 1964ல் இதே டெல்லியில் இன்னொரு காரியமும் நடந்தது. அக்டோபர் 30, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த, 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட 9,75,000 தமிழர்களை இரண்டு அரசாங்கங்களும் பங்கு போட்டன. 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரே வருஷம், ஒரே நகரம். ஜனவரியில் தமிழுக்கு உலகம் முழுக்க ஆய்வாளர்களைச் சேர்த்தார்கள், அக்டோபரில் தமிழர்களைத் தலைக்கு இத்தனை என்று பிரித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசின ஒரு மாநாட்டு மலரை நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் சி.வி. வேலுப்பிள்ளை ஞாபகம் வருகிறார். மலையகத்துக்காரர், தொழிற்சங்கவாதி, கவிஞர். 1947 தேர்தலில் ஜெயித்து தலவாக்கலை உறுப்பினராக இலங்கை நாடாளுமன்றத்துக்குப் போனவர். அடுத்த இரண்டு வருஷத்தில் அவருக்கு ஓட்டுப்போட்ட மக்களுக்குக் குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை. அவர் லயத்துக்கு லயம் திரிந்து தொழிலாளர்களின் பாட்டுக்களைச் சேகரித்தார். தேயிலைத் தோட்டம் பற்றி ஆங்கிலத்திலும் எழுதினார். அடிகளார் நூலகங்களில் தேடியதை வேலுப்பிள்ளை லயன் காம்பராவில் தேடினார். இருவரில் யார் பெரியவர் என்கிற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஆனால் ஒருவருக்கு ஊர் ஊராக விழா எடுத்தோம், இன்னொருவரின் பேரைச் சென்னையில் பத்து பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதே மாதிரி குவாதலூப்பில் ஒருத்தர். ஆன்றி சிதாம்பரோம். சிதம்பரம்தான் பிரெஞ்சு வாயில் அப்படி ஆகிவிட்டது. 1863ல் அங்கேயே பிறந்தவர். கூலிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களா இல்லையா என்று 1904ல் வழக்கைத் தொடங்கினார். அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளை அரசாங்கம் 'இந்தியர், அந்நியர்' என்று ஓரமாக வைத்திருந்தது. 1923ல்தான் பாரிஸ் ஒத்துக்கொண்டது. பத்தொன்பது வருஷம்! இந்த வம்சத்திலிருந்து பிறகு எழுத்தாளர்கள் வந்தார்கள். குவாதலூப்பின் எர்னஸ்ட் முத்துசாமி 1987ல் கூலிக் கப்பலில் தொடங்கும் 'ஒரோர்' என்ற நாவலை எழுதினார். மார்த்தினிக்கின் ரஃபாயேல் கோன்ஃபியான் தமிழர் இல்லை, ஆனாலும் 2004ல் தமிழ்க் கூலிகளைப் பற்றி ஒரு முழு நாவல் எழுதினார். மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 'கூலி' என்ற வசவுச் சொல்லையே எடுத்து 'கூலிட்யூட்' என்று ஒரு கொள்கையாக்கினார். எல்லாம் பிரெஞ்சில். கூலி என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் நம்மோடது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'க்கும் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்கும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய புத்தகங்கள் இவை. பிரெஞ்சு தெரிந்த பாண்டிச்சேரிப் பதிவர்கள் யாராவது மனசு வைக்கணும்.

நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணம். கொழும்பில்தான் நடத்த வேண்டும் என்று சிறிமாவோ அரசாங்கம் அழுத்தம் கொடுத்தது. அமைப்பாளர்கள் யாழ்ப்பாணத்தை விடவில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் முன்னின்று நடத்தினார். வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலருக்கு விசா கிடைக்கவில்லை. இருந்தாலும் ஊரே திரண்டு, தெருவுக்குத் தெரு வாழை கட்டித் தோரணம் கட்டிக் கொண்டாடியது. இந்த மாநாட்டை ஜனங்கள் நடத்தினார்கள். கடைசி நாள், ஜனவரி 10, வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே பெரிய கூட்டம். போலீஸ் புகுந்தது. கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சத்தம். மின்கம்பி அறுந்து கூட்டத்தின் மேல் விழுந்தது. ஒன்பது பேர் செத்தார்கள். ஆய்வுக்கட்டுரை வாசிக்க வந்தவர்கள் இல்லை அவர்கள், கேட்க வந்தவர்கள். ஈழத்து இளைஞர்கள் பலர் அந்த ராத்திரிக்குப் பிறகு வேறு பாதைக்குப் போனதை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள்.

அறுபது வயதில், சொந்த மண்ணில், தான் தொடங்கிய மாநாட்டில் அதைப் பார்க்க வேண்டிவந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். 'ஒன்றே உலகம்' என்று புத்தகத்துக்குப் பேர் வைத்தவர்.

1980 செப்டம்பர் 1ல் அடிகளார் காலமானார். நாலே மாதத்தில், 1981 ஜனவரியில், மதுரையில் ஐந்தாம் மாநாடு. எம்.ஜி.ஆர். ஆட்சி, ஊர்வலம், அலங்கார வண்டிகள், திருவிழா. 1995 தஞ்சாவூர் இன்னும் பெரிய திருவிழா. 2010ல் அடுத்த மாநாட்டைக் கோவையில் நடத்தத் தமிழக அரசு கேட்டபோது, மன்றத்தின் தலைவராக இருந்த ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, ஆய்வாளர்கள் கட்டுரை எழுத இந்த அவகாசம் போதாது என்று மறுத்துவிட்டார். அரசு அதைச் செம்மொழி மாநாடு என்று வேறு பெயரில் நடத்திக்கொண்டது. சோழர் கல்வெட்டுகளை வாழ்நாள் முழுக்க எண்ணி எண்ணி ஆராய்ந்த ஒரு மனிதர் 'டைம் பத்தாது' என்று ஒரு அரசாங்கத்திடம் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி. எந்த மேனேஜரிடமும் நம்மால் சொல்ல முடிந்திருக்கிறதா அப்படி? :-)

டர்பன் நண்பரின் ஏழு ஊர்களில் இதுவரை இரண்டுக்குப் போய்வந்தேன். ஒரு ஊரில் பெரியவர் ஒருத்தர், தன் பாட்டனின் தம்பி 'நட்டாலு'க்குப் போனதாகச் சொன்னார். பேர் பட்டியலோடு பொருந்தவில்லை, இவர் வேறு ஆள். ஆனால் நட்டால் என்ற வார்த்தை அவர் வாயில் அப்படியே இருந்தது. மிச்சம் ஐந்து ஊர் பாலாற்றுக்கு அந்தப் பக்கம். மதுராந்தகம், செய்யூர்ப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தால், உங்க வீட்டுப் பெரியவங்க கிட்ட நட்டால், மோரிசு, தீவாந்தரம் இந்த மூணு வார்த்தையைச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. என்ன சொல்றாங்களோ அதைப் பின்னூட்டத்தில் எழுதுங்க, ஊர் பேரோட.